'வெரி வொர்ஸ்ட்' பால்கோவா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ராஜபாளையத்திலிருந்து நீ அனுப்பிய வீட்டுப்பாடம் கிடைத்தது. ஆங்கிலத்தில் புகார்க் கடிதம் எழுதச் சொன்னதும், போன வாரம் இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிப்போய்ப் புளித்துப்போன பால்கோவாவையே பிடித்துக்கொண்டாய். கோபம் நியாயம்தான், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டமாயிற்றே! ஆனால் 'வெரி வொர்ஸ்ட்' என்று எழுதிவிட்டாய்.

'ரொம்ப மோசம்' என்கிறோம், 'படுமோசம்' என்கிறோம். 'ரொம்பப் படுமோசம்' என்கிறோமா? 'படு' வந்தபோதே 'ரொம்ப'வும் உள்ளே வந்துவிட்டது. ஆங்கிலத்திலும் 'பேட்' என்பதற்கு முன் 'வெரி' போடலாம். 'டெரிபிள்', 'ஹாரிபிள்', 'ஆஃபுல்' எல்லாம் படுமோசத்தின் இனம். 'வெரி' அவற்றோடு ஒட்டாது. அழுத்தம் வேண்டுமென்றால் 'அப்ஸல்யூட்லி' போடு. 'வொர்ஸ்ட்' கதையே வேறு. பலவற்றை ஒப்பிட்டு, இதுதான் கடைசி என்று தீர்ப்புச் சொல்லும் சொல் அது. முன்னால் 'த' வரும். நீ இந்த ஊர்க் கடை அத்தனையிலும் வாங்கித் தின்று பார்த்தாயா?

சொல்லுக்கு இன்று என்ன பொருள் என்றும் பார். ஆண்டாள் காலத்தில் 'நாற்றம்' நறுமணம். இன்று பூக்கடையில் போய் அதைச் சொன்னால் சண்டைதான். 'ஆஃபுல்' என்பதும் ஒரு காலத்தில் பிரமிக்க வைப்பதைக் குறித்தது. ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை இன்று அப்படி எழுதினால், திட்டியதாகிவிடும். 'டெரிஃபிக்' நேர்மாறு: அச்சத்தில் பிறந்து 'பிரமாதம்' ஆகிவிட்டது, நாம் 'படம் பயங்கரமா இருக்கு' என்கிற மாதிரி.

முந்தைய கட்டுரையில், ராஜபாளையம் நாய் விசுவாசத்துக்கு 'நொட்டோரியஸ்' என்றிருந்தாய். அது கெட்ட பெயரால் ஊரறிந்தவர்களுக்கான சொல். திருடனுக்குச் சரி, அவனைப் பிடிக்கிற நாய்க்கு 'ஃபேமஸ்' போதும்.

இப்போது புகாருக்கு வருவோம். 'டெரிபிள்' என்றால் உன் கோபம் தெரியும். பால்கோவாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. புளித்ததற்கு 'ஸவர்' என்ற சின்னச் சொல் இருக்கிறது. அதை எழுது, வாங்கிய நாளையும் டப்பாவைத் திறந்த நாளையும் சேர். அதற்குப் பிறகும் ஆத்திரம் மிச்சமிருந்தால், கடைசி வரியில் ஒரே ஒரு 'டெரிபிள்' வைத்துக்கொள்.

திருத்தி எழுதி டீச்சரிடம் கொடு. தமிழில் ஒரு பிரதி எனக்கு அனுப்பு. கடையில் நானே கொடுத்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா