டிசம்பர்ல பிறந்தவன் எங்கே போனான்?

மக்களே, ஒரு சின்ன வேலை. உங்க பழைய ஸ்கூலோட அண்டர்-14 ஃபுட்பால் டீம் லிஸ்ட் கிடைச்சா வாங்குங்க. பேரை விடுங்க, பிறந்த மாசத்தை மட்டும் பாருங்க. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் எத்தனை? அக்டோபர், நவம்பர், டிசம்பர் எத்தனை? உலகத்துல பல நாடுகளில் யூத் டீம்களை இப்படி எண்ணிப் பார்த்திருக்காங்க. பெரும்பாலும் ஒரே பதில்தான்: வருஷ ஆரம்பத்துல பிறந்தவங்க கூட்டமா இருப்பாங்க, வருஷக் கடைசியில பிறந்தவங்க கொஞ்சமா இருப்பாங்க.

டிசம்பர்ல பிறந்தவனுக்குக் கால் நல்லா வேலை செய்யாதுன்னு எந்த ஜாதகத்துலயும் எழுதலை. அப்புறம் ஏன் இப்படி? விஷயம் கட்-ஆஃப் தேதியில இருக்கு. சர்வதேச ஃபுட்பாலில் வயசுப் பிரிவுக்கு ஜனவரி 1தான் கட்-ஆஃப். ஜனவரி 2ல பிறந்தவனும் அதே வருஷம் டிசம்பர் 30ல பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயசுல அந்த ஒரு வருஷ வித்தியாசம்னா, ஒருத்தன் இன்னொருத்தனை விட கிட்டத்தட்ட 10% அதிக நாள் வாழ்ந்திருக்கான். அவ்வளவு வளர்ச்சி, அவ்வளவு விளையாட்டு. கோச் கண்ணுக்கு இது "டேலன்ட்" மாதிரி தெரியும்.

இதுக்கு ரிலேட்டிவ் ஏஜ் எஃபெக்ட்னு பேர். கண்டுபிடிச்ச கதை சுவாரசியமானது. 1980கள்ல கனடாவுல ரோஜர் பார்ன்ஸ்லினு ஒரு சைக்காலஜிஸ்ட் குடும்பத்தோட ஐஸ் ஹாக்கி மேட்ச் பார்க்கப் போனார். கையில இருந்த மேட்ச் புத்தகத்தைப் புரட்டிட்டிருந்த அவர் மனைவிதான், "இவங்க எல்லாருமே ஜனவரி பிப்ரவரியாவே இருக்காங்களே"ன்னு முதல்ல கவனிச்சாங்க. 1985ல அது ஆய்வுக் கட்டுரையா வந்துச்சு.

ஆனா பிறந்த மாசம் பாதிக் கதைதான். இன்னொரு பாதி இன்னும் மோசம். பையங்களுக்கு உயரம் வேகமா ஏறுற கட்டம் சராசரியா 14 வயசு வாக்குல வருது. சிலருக்கு 12லயே வரும், சிலருக்கு 16 ஆகும். இதைத் தீர்மானிக்கிறதுல பரம்பரைக்கும் சாப்பாட்டுக்கும் பங்கு இருக்கு, திறமைக்கு இல்ல. அதனால ஒரே நாளில் பிறந்த ரெண்டு 13 வயசுப் பையங்களோட உடம்பு வயசுல மூணு, நாலு வருஷ வித்தியாசம் இருக்கலாம். ஒருத்தனுக்கு மீசை அரும்பியிருக்கும். இன்னொருத்தன் இன்னும் அஞ்சாவது படிக்கிற பையன் மாதிரி இருப்பான். ரெண்டு பேரையும் ஒரே பந்துக்கு ஓட விட்டுட்டு, "இவன் ஸ்லோ"ன்னு நோட்டுல எழுதுறோம்.

நம்ம பாஷையில ஒரு கணக்குப் போடுவோம். ரெண்டு பையன், ரெண்டு பேருக்கும் 13 வயசு. எண்கள் நான் போட்டது. முதல் பையன் இப்ப 162 செ.மீ., பெரியவனானா 170 வருவான்னு கணிப்பு. அதாவது 95% முடிஞ்சாச்சு. ரெண்டாவது பையன் இப்ப 146 செ.மீ., கணிப்பு 172. இவனுக்கு 85%தான் ஆகியிருக்கு. இன்னைக்கு 16 செ.மீ. குட்டையா இருக்கிறவன் கடைசியில 2 செ.மீ. உயரமா வந்து நிப்பான். செலக்ஷன் நாளன்னைக்கு நீங்க எடுத்த ரீடிங்ல எது சிக்னல், எது நாய்ஸ்?

அடுத்ததுதான் எனக்கு ரொம்ப உறுத்துற இடம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு பாசிட்டிவ் ஃபீட்பேக் தெரியும். செலக்ட் ஆனவனுக்கு நல்ல கோச், நல்ல ஷூ, வாரம் ரெண்டு மேட்ச். ஆகாதவனுக்கு ஒன்னும் இல்ல. மூணு வருஷம் கழிச்சு ரெண்டு பேரையும் பார்த்தா முதலாவது ஆள் நிஜமாவே நல்லா ஆடுவான். கோச், "பார்த்தீங்களா, அப்பவே சொன்னேன்ல"ன்னு சொல்வார். அவர் பொய் சொல்லலை. ஆனா அவர் கணிச்சது நடக்கலை, அவர் செஞ்சதுதான் நடந்திருக்கு. இந்த சிஸ்டத்துல ஃபால்ஸ் பாசிட்டிவ் வெளியே தெரியும், பெரிசா எதிர்பார்த்த பையன் சொதப்பினா எல்லாரும் பேசுவாங்க. ஃபால்ஸ் நெகட்டிவ் தெரியவே தெரியாது. வெளியே அனுப்பின பையன் பத்தொன்பது வயசுல எங்கேயாவது வேலைக்குப் போயிருப்பான். அவனைப் போய் யாரும் டெஸ்ட் பண்றதில்ல.

எப்பவாவது ஒருத்தன் தப்பிச்சு வந்தா மட்டும் நமக்குத் தெரியுது. ஹாரி கேனை ஆர்சனல் அகாடமி ஒரே சீசன்ல அனுப்பிடுச்சு, அப்ப வயசு எட்டு! கொஞ்சம் குண்டு, அத்லெட் மாதிரி இல்லன்னு காரணம். இங்கிலாந்துல கட்-ஆஃப் செப்டம்பர் 1. கேன் பிறந்தது ஜூலை 28, 1993. அதாவது அவங்க செட்லயே கடைக்குட்டிகளில் ஒருத்தர். பின்னாடி இங்கிலாந்துக்கே அதிக கோல் அடிச்சவர் ஆனார். ஜேமி வார்டி கதை இன்னும் கஷ்டமானது. ஷெஃபீல்டு வெட்னஸ்டே அவரை 16 வயசுல "ரொம்பச் சின்ன உடம்பு"ன்னு விட்டுடுச்சு. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ்ங்கிற குட்டி கிளப்புல வாரம் 30 பவுண்டுக்கு ஆடிக்கிட்டே ஃபேக்டரி வேலைக்கும் போனார். 2012ல லெஸ்டர் சிட்டி அவரை வாங்கினப்ப அவருக்கு 25 வயசு. 2016ல அந்த டீம் பிரீமியர் லீக் ஜெயிச்சது உங்களுக்கே தெரியும்.

காரைக்கால் 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த ஊர். இன்னைக்கும் பல வீட்டுல ஒரு சித்தப்பாவோ மாமாவோ பாரிஸ்ல இருப்பாங்க. அதனால பிரான்ஸ் உதாரணமும் ஒன்னு. அந்தவான் கிரீஸ்மானை உடம்பு சின்னதுன்னு அந்த நாட்டு கிளப்புகள் வரிசையா வேண்டாம்னு சொன்னாங்க. ஸ்பெயின் கிளப்பான ரியல் சோசியடாடோட ஸ்கவுட் ஒருத்தர் பார்த்து 14 வயசுல கூட்டிட்டுப் போனார். 2018 உலகக் கோப்பை ஃபைனல்ல பிரான்சுக்காக கோல் அடிச்சவர் அவர். இதையெல்லாம் படிச்சுட்டு "திறமை இருந்தா எப்படியும் மேல வந்துடுவான்"னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. திரும்பி வந்தவங்க கதையைத்தான் நாம படிக்கிறோம், வராதவங்களை யாரும் பேட்டி எடுக்கலை.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2017ல அண்டர்-17 உலகக் கோப்பை இங்கே நடந்தப்ப, அக்டோபர் 9ஆம் தேதி டெல்லியில கொலம்பியாவுக்கு எதிரா மணிப்பூர் பையன் ஜீக்சன் சிங் தலையால முட்டி ஒரு கோல் போட்டார். எந்த ஃபிஃபா உலகக் கோப்பையிலும் இந்தியாவோட முதல் கோல் அது. அவர் ஆரம்பத்துல இருந்தே அந்த டீம்ல வளர்ந்தவர் இல்ல. பயிற்சியில இருந்த இந்தியா டீமை மினர்வா அகாடமி பசங்க ஒரு மேட்ச்ல ஜெயிச்சாங்க, அதுக்கப்புறம்தான் அந்தப் பசங்களில் சிலரை கோச் உள்ளே எடுத்தார். ஜீக்சனும் அதுல ஒருத்தர். அந்த ஒரு மேட்ச் நடக்காம இருந்திருந்தா? இளம் ஆட்டக்காரங்களுக்குன்னே ஃபெடரேஷன் நடத்தின இந்தியன் ஏரோஸ் டீமும் 2010ல ஆரம்பிச்சு, 2013ல மூடி, 2017ல திரும்பத் திறந்து, 2022ல மறுபடி மூடியாச்சு. பையன் வளர எடுக்குற நேரத்தை விட டீமோட ஆயுள் கம்மி.

இப்ப காரைக்கால். நம்ம மேப் உங்களுக்குத் தெரியும். சுத்தி தமிழ்நாடு, நடுவுல நாம. வாஞ்சூர் பையன் ஆடணும்னா புதுச்சேரிக்கு ஆடணும், சைக்கிள் மிதிக்கிற தூரத்துல இருக்குற நாகூர் பையன் தமிழ்நாட்டுக்கு ஆடணும். புதுச்சேரி இங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர்னு பஸ்ல போயி, ஒரே நாள் டிரையல்ஸ்ல இருபது நிமிஷம் ஆடிக் காட்டணும். கிளிஞ்சல்மேட்டுல கடல் மணல்ல வெறுங்கால்ல டிரிபிள் பண்ற ஒரு பொடியனை நினைச்சுக்குங்க. 13 வயசுல ஒரு தடவை அனுப்பிட்டா அவன் அடுத்த வருஷம் மறுபடி பஸ் ஏறுவானா? பெரிய ஊர்ல ஒரு கிளப் விட்டா இன்னொரு கிளப். இங்கே ரெண்டாவது கதவு ரொம்ப தூரத்துல இருக்கு. அதனால சின்ன ஊர்லதான் சீக்கிரமா கழிச்சுக் கட்டுறதோட விலை அதிகம்.

சரி, வழி என்ன? பெல்ஜியம் ஃபெடரேஷன் லேட்டா வளர்ற பசங்களுக்குன்னே "ஃபியூச்சர்ஸ்"னு தனி தேசிய யூத் டீம் வச்சிருக்காங்க. இங்கிலாந்துல பயோ-பேண்டிங்னு ஒரு முறை. வயசை வச்சுப் பிரிக்காம, முழு உயரத்துல எத்தனை சதவீதம் வந்திருக்குன்னு பார்த்துப் பிரிக்கிறாங்க. 85-90% பசங்க எல்லாம் ஒரே மேட்ச். நல்லா கவனிங்க, இதுல சீக்கிரம் வளர்ந்தவனுக்கும் லாபம். உடம்பால இடிச்சே ஜெயிச்சுப் பழகினவன் முதல் தடவையா பாஸ் போட யோசிக்கிறான். இல்லன்னா 17 வயசுல மத்தவங்களும் வளர்ந்து வந்ததும் அவன் கையில ஒன்னும் இருக்காது, அடுத்து கழட்டி விடப்படுறது அவன்தான்.

அந்த சதவீதம் கண்டுபிடிக்க 1994ல வந்த காமிஸ்-ரோஷ் முறை இருக்கு. பையன் வயசு, உயரம், எடை, அப்பா அம்மா உயரம் போதும், எக்ஸ்ரே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: அந்த ஃபார்முலாவோட எண்கள் அமெரிக்காவுல ஒஹாயோ பிள்ளைகளை அளந்து எடுத்தது. நம்ம டெல்டா பசங்களுக்கு அப்படியே பொருந்தும்னு நம்பக் கூடாது, வரிசைப்படுத்த மட்டும் வச்சுக்கலாம். இன்னொரு லோக்கல் பிரச்சனையும் இருக்கு. ஸ்கூல்ல சேர்க்கிறதுக்காக ஜூன் மாசத்துக்குத் தோதா பிறந்த தேதி எழுதுற பழக்கம் நம்ம அப்பா தலைமுறையில சகஜம். அந்த மாதிரி டேட்டாவை வச்சு மாசக் கணக்குப் போட்டா இன்புட்டே தப்பு.

நம்ம டிபார்ட்மென்ட் பசங்க ஸ்கூல் டோர்னமென்ட் நடத்தும்போது செலக்ஷன் டேபிள்ல உட்காருறது நீங்கதான். ஜெர்ஸி நம்பரைப் பிறந்த தேதி வரிசைப்படி கொடுங்க, 1ஆம் நம்பர் இருக்கிறதுலயே மூத்தவன், 20ஆம் நம்பர் கடைக்குட்டி. ஹாலந்துல பி.எஸ்.வி. அகாடமியில இதை ஒரு ஆய்வா செஞ்சு பார்த்தாங்க. வயசு வரிசை நம்பர்ல தெரியும்னு ஸ்கவுட்டுங்க கிட்ட சொன்னதும் மாசச் சாய்வு மறைஞ்சுடுச்சு. வெறும் வயசு லிஸ்ட்டை மட்டும் கையில கொடுத்தப்ப மறையலை. அதனால நம்பரை முதுகுலயே ஒட்டுங்க. வெளியே அனுப்புற பையனோட பேரையும் உயரத்தையும் ஒரு ஷீட்ல எழுதி வச்சு, ஆறு மாசம் கழிச்சு அவனுக்கு ஒரு போன் பண்ணுங்க.