பிள்ளையின் கோபமும் பெற்றோரின் நிதானமும்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த அந்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை. வெட்டுப்புள்ளிக்கு எனக்கு 4 புள்ளிகள் குறைவு. பக்கத்து வீட்டுப் பிள்ளை சித்தியடைந்திருந்தாள். அந்தச் சந்தோசத்தில் அவர்கள் வீட்டிலிருந்து எங்களுக்கு வட்டிலப்பம் வந்தது. தட்டைக் கண்டதும் எனக்குள் ஏதோ வெடித்தது. புத்தகப் பையைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். 2 வயதுத் தம்பியின் விளையாட்டுக் காரை மிதித்து உடைத்தேன்.

வாப்பா கடையிலிருந்து அப்போதுதான் களைத்து வந்திருந்தார். "ஃபெயிலாகினது காணாதா? இதுக்குள்ள திமிர் வேறயா?" என்று சத்தம் போட்டார். என் அழுகை இரண்டு மடங்காயிற்று. உம்மா ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்து என் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார்.

"கவலையாவும் இருக்கு, வெக்கமாவும் இருக்கு. என்ன மகள்? அழு. நான் இங்கதான் இருக்கன்."

அவ்வளவுதான் சொன்னார். நான் அவர் மடியில் விழுந்து அழுதேன். அவரது மூச்சு சீராக வந்து போவது எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக என் மூச்சும் அதனோடு சேர்ந்து அடங்கியது.

இன்று நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். அன்று எனக்குள் நடந்தது என்னவென்று இப்போது ஓரளவு விளங்குகிறது. நமது மூளையின் உட்பகுதியில் அமிக்டலா என்ற சிறிய பகுதி உண்டு. அது ஆபத்தை உணர்ந்தால் உடலுக்கு எச்சரிக்கை விடுக்கும். அதிரினலின் என்ற ஓமோன் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும். பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இது உதவும். ஆனால் அவமானம், ஏமாற்றம், பயம் ஆகியவற்றுக்கும் உடல் இப்படியே துடிக்கிறது. யோசித்து முடிவெடுக்கவும் அவசரத்தை அடக்கவும் உதவும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுமையாக முதிர்ச்சியடைய ஏறத்தாழ 25 வயதாகும். ஆகவே 10 வயதுப் பிள்ளையிடம் "உடனே அழுகையை நிறுத்து" என்பது, இன்னும் கட்டி முடியாத பாலத்தில் லொறியை ஓட்டச் சொல்வது போன்றதாகும்.

அப்படியானால் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு கரையேறும்? பெற்றோரின் முகத்தையும் குரலையும்தான்.

இதை அழகாக எடுத்துக்காட்டும் ஆய்வொன்று 1985 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. ஒரு மேசை முழுவதும் கண்ணாடி போடப்பட்டிருந்தது. ஒரு பாதியில் கண்ணாடிக்குக் கீழேயே தளம் தெரியும். மறுபாதியில் தளம் சற்றுத் தாழ்வாக, பள்ளம் போலத் தெரியும். ஒரு வயதுக் குழந்தைகள் தவழ்ந்து வந்து அந்த விளிம்பில் தயங்கி நின்று, எதிரே நிற்கும் தாயின் முகத்தைப் பார்த்தார்கள். தாய் மகிழ்ச்சியான முகத்தைக் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். தாய் பயந்த முகத்தைக் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. மேசையும் பள்ளமும் ஒன்றுதான். மாறியது தாயின் முகம் மட்டுமே.

இரண்டாம் உலகப் போரில் இலண்டன் நகரில் குண்டுகள் விழுந்த காலத்தில் அன்னா பிராய்ட், டொரதி பேர்லிங்ஹாம் ஆகிய இருவரும் அங்கே சிறுவர் காப்பகங்களை நடத்தினார்கள். சிறு பிள்ளைகளின் பயம் குண்டுச் சத்தத்தை விடத் தாயின் பதற்றத்தையே பின்தொடர்ந்தது என்பதை அவர்களும் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் நிதானம் என்பது பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுப்பது அல்ல. மறுநாள் காலையில் உம்மா என்னைக் கூப்பிட்டார். "கோபம் வரலாம் மகள். ஆனா தம்பிட சாமான உடைக்க ஏலாது" என்றார். என் உண்டியல் காசில்தான் தம்பிக்குப் புதிய கார் வாங்கினோம். முதல் நாள் இரவே அதைச் சொல்லியிருந்தால் என் காதில் விழுந்திருக்காது. புயல் அடிக்கும்போது பாடம் ஏறாது. அடங்கிய பிறகுதான் ஏறும்.

வாப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றிரவு அவர் என் கட்டிலருகே வந்து, "வாப்பா சத்தம் போட்டது பிழை மகள்" என்றார். எந்தப் பெற்றோராலும் எல்லா நேரமும் நிதானமாக இருக்க முடியாது. கடன், வேலை, விலைவாசி என்று அவர்களுக்கும் ஆயிரம் பாரம். தவறிய பின் திரும்பி வந்து சரிசெய்வதையும் பிள்ளை பார்க்கிறது, தானும் படித்துக்கொள்கிறது.

பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள், "உங்களுக்கு அன்றைக்குக் கோபமே வரல்லயா?" என்று உம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "வராம? நெஞ்சு பதறினது. குசினிக்குப் போய் ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சி, நல்லா மூச்சு விட்டுட்டுத்தான் வந்தன்" என்றார். நிதானம் உம்மாவின் பிறவிக் குணம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அவர் அதைக் குசினியில் நின்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது இதயத்துடிப்புக் குறைகிறது என்பதை இன்று பாடத்தில் படிக்கிறேன். உம்மா அதைப் படிக்காமலே செய்திருக்கிறார்.

அவரிடம் நான் கற்ற ஒழுங்கு இதுதான்: முதலில் நம்மை அடக்கிக்கொள்வது, பிள்ளையின் உயரத்துக்கு இறங்கிக் குறைவாக, தாழ்ந்த குரலில் பேசுவது, "உனக்குக் கவலை", "உனக்குப் பயம்" என்று உணர்வுக்குப் பெயர் கொடுப்பது, பிழையைத் திருத்துவதைப் பிறகு, ஆனால் கட்டாயம் செய்வது.

அந்தக் காருக்குச் சொந்தக்காரத் தம்பி இந்த வருடம் தரம் 5. சென்ற மாதம் மாதிரி வினாத்தாள் ஒன்றுக்குப் புள்ளி குறைந்துவிட்டது. வினாத்தாளைக் கிழித்து, என் பயிற்சிக் கொப்பியையும் தூக்கி எறிந்தான். என் வாய்வரை ஒரு கத்தல் வந்தது. குசினிக்குப் போனேன். ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து அவன் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தேன். அவன் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தான்.

அன்பான பெற்றோரே, வீட்டில் மூத்த பிள்ளைகளாக இருக்கும் தோழியரே! பெறுபேறுகள் இனியும் வரும். குறைந்த புள்ளிகளும் வரும். அந்த நேரத்தில் பிள்ளை முதலில் பார்ப்பது நமது முகத்தைத்தான். அந்த முகம் அதற்கு ஒரு கரையாக இருக்கட்டும்.