பைன் பலகையில் கை வைக்கும் முன்

ஓசூர் சிப்காட்டுக்கு மெஷின் வந்திறங்கும் மரப்பெட்டிகளைப் பிரித்து விற்கிறார்கள். பெரும்பாலும் பைன். அதை வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமையில் ஜன்னல் சட்டமும் கதவு பீடிங்கும் தாங்களே போட்டுப் பார்க்கும் தம்பிமார், வீட்டுப் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். தேக்கில் ஓடிய கைதான் என்னுடையது. பைனில் நானும் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன்.

1. முதலில் முத்திரையைப் பார். கோதுமைக் கதிர் படம் போட்டு, பக்கத்தில் நாட்டின் குறியெழுத்து இருக்கும். 'ஹெச்.டி.' என்றால் பலகையின் நடுவரைக்கும் 56 டிகிரி சூடு ஏற்றி 30 நிமிடம் வைத்தது, வாங்கலாம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாத பலகையும் அப்படித்தான்.

2. உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்க்காதே. பைனில் வெளுத்த பட்டை ஒன்று, சிவந்த பட்டை ஒன்று என்று மாறிமாறி வரும். வெளுத்தது மரம் வேகமாக வளர்ந்தபோது வந்த மெத்து. சிவந்தது பிறகு நிதானமாக வளர்ந்த கெட்டி. விரல் போனால் மெத்து மட்டும் கரைந்து, கெட்டி வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். தேய்த்த அன்று தெரியாது. வார்னிஷ் காய்ந்து, ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும்போது பார், உழுத நிலம்தான். என் முதல் பைன் வேலையில் ஒரு வீடு முழுக்க அப்படி ஆகி, மூன்று நாள் சம்பளம் இல்லாமல் திரும்பத் தேய்த்தேன். தட்டையான கட்டையில் தாளைச் சுற்றிப் பிடி. 100, 150, 220 என்று வரிசையாகப் போ. நடுவில் ஒன்றைத் தாண்டினால் முதல் தாளின் கீறல் அடியிலேயே தங்கிவிடும். ரேகை ஓடும் திசையில் மட்டும் தேய்.

3. பீடிங்கின் வளைவுக்குக் கட்டை உதவாது. தேய்ந்த ரப்பர் செருப்பில் ஒரு துண்டு அறுத்து, வளைவுக்கு ஏற்றபடி செதுக்கி, அதில் தாளைச் சுற்று. கடையில் இதற்கென்று விற்பதைவிட நன்றாக உட்காரும்.

4. கடைசித் தாளுக்கு முன்னால் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடை. படுத்திருந்த நார் எழும்பும். காய்ந்ததும் 220-ஐ லேசாக ஓட்டு. பிறகு டார்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பார். பகல் வெளிச்சம் மறைத்த கீறலெல்லாம் தெரியும்.

5. ஆணி ஓட்டைக்குப் பட்டி. தெலுங்குக்காரர் கடையானால் 'லப்பம்' என்று கேள், உடனே எடுத்துக் கொடுப்பார். ஆனால் பைன் கணுவுக்குப் பட்டி பிரயோசனமில்லை. கணுவுக்குள் இருக்கும் பிசின் வெயில் பட்டால் வார்னிஷைத் துளைத்துக்கொண்டு கசியும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைக் கணுவின் மேல் இரண்டு கை பூசு. எல்லை தாண்டிக் கர்நாடகச் சென்னபட்டணத்தில் பொம்மைக்காரர்கள் கடைசலில் மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார்கள்; சூட்டில் இளகி ஒட்டும். பிறகு தாழை ஓலையை வைத்து மெருகேற்றுவார்கள். அவர்கள் மரமும் மெத்துதான். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா.

6. 'தேக்குக் கலர்' ஆசையை விடு. பைன் சாயத்தைச் சீராகக் குடிக்காது, திட்டுத் திட்டாக நிற்கும். அதன் மஞ்சளே அழகு. வருஷம் போகப் போகத் தேன் நிறத்துக்கு வரும்.

7. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மார்கழிப் பனியில் காலை எட்டு மணிக்கு பிரஷ் எடுத்தால் பூச்சு வெளுத்துப்போகவும் கூடும், காயாமல் இழுக்கவும் கூடும். பதினொன்றுக்குத் தொடங்கி மூன்றுக்குள் முடி. ஃபேனை நிறுத்து, தூசி கிளப்பும். ஜன்னலை மட்டும் திறந்து வை.

8. டப்பாவைக் குலுக்காதே, குச்சியால் மெதுவாகக் கலக்கு. குலுக்கினால் குமிழ் வரும். பழைய பனியனில் வடிகட்டு. முதல் பூச்சைக் கொஞ்சம் இளக்கிப் போடு. எந்தத் தின்னர் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். கைக்குக் கிடைத்ததை ஊற்றாதே. இழுத்துவிட்ட இடத்துக்கு பிரஷை மறுபடி கொண்டுபோகாதே. நன்றாகக் காய்ந்ததும் 320-ஆல் பட்டும் படாமல் தடவி, தூசி துடைத்து, அடுத்த கை. மூன்று கை போதும்.

9. வார்னிஷோ ஆளிவிதை எண்ணெயோ துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. காயக் காயச் சூடாகித் தானே பற்றும். நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் சாயங்காலம் போட்ட துணி மூட்டை, நாங்கள் பூட்டிக்கொண்டு போன பிறகு பற்றிக்கொண்டது. விடிந்து வந்தபோது இழைப்புளியின் கட்டை கரியாகி, இரும்பு மட்டும் கிடந்தது. துணியை வெளியே கொடியில் விரித்துப் போடு, இல்லையென்றால் வாளித் தண்ணீரில் அமுக்கு. அதற்குப் பிறகு கை கழுவப் போ.