“12 வோல்ட் தானே!” – நேர்திசை மின்சுற்றும் மின்னுருகியும்

மின்னுருகியைக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் வீட்டின் 230 வோல்ட் மாறுதிசை மின்சுற்றையே எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம். ஆனால், இன்று மாணவர்கள் அன்றாடம் காணும் இன்வெர்ட்டர் பேட்டரி, மின் ஸ்கூட்டரின் பேட்டரி, மாடியிலுள்ள சூரியத் தகடு ஆகிய மூன்றும் தருவது நேர்திசை மின்னோட்டம். “12 வோல்ட் தானே, ஷாக் அடிக்காது” என்று மாணவர்கள் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியை உணர்த்துவது நம் கடமை.

கரும்பலகைக் கணக்கு

12 வோல்ட் பேட்டரியின் அக மின்தடை 0.01 ஓம் எனக் கொள்வோம். அதன் இரு முனைகளையும் ஒரு ஸ்பேனர் இணைத்துவிட்டால், ஓம் விதிப்படி மின்னோட்டம் 12 ÷ 0.01 = 1200 ஆம்பியர் வரை உயரலாம். ஜூல் விதிப்படி வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும். எனவே, ஷாக் அடிக்காத அதே பேட்டரி, குறுக்கே பட்ட மோதிரத்தைப் பழுக்கக் காய்ச்சி விரலைச் சுட்டுவிடும்.

மின்னுருகியைப் பேட்டரி முனைக்கு மிக அருகில் பொருத்துவதன் காரணமும் இதுவே. முனைக்கும் மின்னுருகிக்கும் இடைப்பட்ட கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை. மின்னுருகியின் அளவு, கம்பி தாங்கும் மின்னோட்டத்தை மீறக் கூடாது.

செயல்பாடு

இரண்டு 1.5 வோல்ட் உலர் மின்கலங்கள், டார்ச் பல்பு, மெல்லிய ஸ்டீல் வூலின் 3 செ.மீ. நீள ஒற்றை இழை ஆகியவற்றைத் தொடராக இணைக்கவும். பல்பு ஒளிரும். பிறகு பல்பின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைக்கவும். இழை சிவந்து அறுந்துவிடும். பொறி பறக்கலாம் என்பதால் பீங்கான் ஓட்டின் மீது ஆசிரியரே செய்து காட்ட வேண்டும். இன்வெர்ட்டர், வாகன பேட்டரிகளைக் கொண்டு இதைச் செய்யவே கூடாது.

அறுந்தால் போதுமா?

மின்னுருகி அறுந்த இடைவெளியில் மின்பொறி வில் தோன்றும். 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் அந்த வில் எளிதில் அணைந்துவிடும். நேர்திசை மின்னோட்டத்தில் சுழி என்பதே இல்லை. மின்னழுத்தம் அதிகமானால் வில் தொடர்ந்து எரியும். அதனால்தான் உயர் மின்னழுத்த நேர்திசை மின்னுருகிகளில் வில்லை அணைக்க மணல் நிரப்புகிறார்கள். மாறுதிசைக்கு மட்டும் உரிய எம்.சி.பி.யைச் சூரியத் தகட்டுச் சுற்றில் பொருத்தினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. தகடு மின்சாரம் தந்துகொண்டிருக்கும்போது அதன் இணைப்பியைப் பிடுங்குவதும் ஆபத்தே.

சிந்திக்க வைக்கும் வினாக்கள்

1. 60 வாட் கருவி 12 வோல்ட்டில் எடுக்கும் மின்னோட்டம் எவ்வளவு? 230 வோல்ட்டில் எவ்வளவு? எதற்குத் தடித்த கம்பி தேவை?
2. அறுந்த மின்னுருகிக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றினால், அடுத்த முறை சூடேறி உருகப்போவது எது?

இரண்டாம் வினாவின் விடையை மாணவர்கள் வீட்டிலும் சொல்லட்டும். அங்குதான் அது பயன்படும்.