கொக்கோவும் குழந்தைக் கரங்களும்

(இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு)

"ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கும் நிறுவனம், அப்பொருள் விளைந்த நிலத்தில் நடப்பதற்கும் பொறுப்பாகுமா?" வகுப்பில் எங்கள் பேராசிரியர் இவ்வாறு வினவினார். "வேலைக்கு அமர்த்தியவரே பொறுப்பு" என்று நான் விடையிறுத்தேன். பின்னர் நூலகத்தில் சாக்லேட் தொழிலைப் பற்றிப் படித்தபோது என் விடை தவறென உணர்ந்தேன். அதற்கான காரணங்களை ஈண்டுக் கூற விழைகிறேன்.

சாக்லேட்டின் மூலப்பொருள் கொக்கோ விதை. அதனை மிகுதியாக விளைவிக்கும் நாடுகள் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஐவரி கோஸ்ட்டும் கானாவும் ஆகும். அங்குப் பயிரிடுவோர் பெரும்பாலும் சிறு குடியானவர்கள். கூலியாள் வைக்க வசதியில்லாத இடத்தில் பிள்ளைகளே வெட்டுக்கத்தியால் காய்களை உடைக்கின்றனர், பெருஞ்சுமைகளைத் தூக்குகின்றனர். பள்ளி முடிந்தபின் பெற்றோர்க்குச் செய்யும் எளிய உதவியை நாம் குறை கூறவில்லை. உடலுக்கு ஊறு விளைக்கும் வேலையைக் குழந்தை உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களுள் ஒன்றாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1999-ஆம் ஆண்டு உடன்படிக்கை விலக்கியுள்ளது.

2001-இல், அமெரிக்க நாடாளுமன்றத்தைச் சேர்ந்த ஹார்க்கின், எங்கல் ஆகியோரின் முயற்சியால் சாக்லேட் நிறுவனங்கள் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டன. இத்தகைய கொடிய உழைப்பின்றி விளைந்த கொக்கோ எனச் சான்றளிக்கும் முறையை 2005-க்குள் அமைப்பதாக ஒப்பின. கெடு தவறியது. 2020-க்குள் 70 விழுக்காடு குறைப்பதென 2010-இல் புதிய இலக்கு வகுக்கப்பட்டது. ஆயினும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நோர்க் நிறுவன ஆய்வு, 2018–19 பருவத்தில் இவ்விரு நாடுகளிலும் ஏறத்தாழ 15 இலட்சத்து 60 ஆயிரம் குழந்தைகள் கொக்கோ வேலையில் இருந்ததாக மதிப்பிட்டது. உடன்பாடு தாமாக முன்வந்து செய்து கொண்டது. மீறினால் தண்டனை இல்லை.

வழக்குமன்றமும் கைகொடுக்கவில்லை. சிறுவயதில் ஐவரி கோஸ்ட் தோட்டங்களுக்குக் கடத்தப்பட்டதாகக் கூறிய மாலி நாட்டவர் அறுவர், நெஸ்லேயின் அமெரிக்க நிறுவனம் மீதும் கார்கில் மீதும் வழக்குத் தொடுத்தனர். குற்றச்சாட்டில் கூறப்பட்ட செயல்கள் பெரும்பாலும் அயல்நாட்டில் நிகழ்ந்தவை என்பதால், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-இல் அவ்வழக்கை ஏற்கவில்லை.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? குழந்தையைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றினால் மட்டும் போதாது. தந்தையின் வருவாய் உயராவிடில் அக்குழந்தை வேறொரு வேலைக்கே செல்லும். ஐவரி கோஸ்ட்டும் கானாவும் 2019-இல் டன்னுக்கு 400 டாலர் கூடுதல் விலை கோரியதன் பொருள் இதுவே. எனவே, முதலாவதாக, விதை எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதை நிறுவனம் அறிதல் வேண்டும். இரண்டாவதாக, பெரியவர்க்குக் கூலி கொடுத்து வேளாண்மை செய்யப் போதுமான விலையைத் தருதல் வேண்டும். மூன்றாவதாக, இவை வாக்குறுதியாக நில்லாமல் சட்டமாதல் வேண்டும்.

வாங்குபவர் தரும் விலையே தோட்டத்தில் யார் உழைப்பது என்பதை முடிவு செய்கிறது. ஆதலின் வாங்குபவரும் பொறுப்பாளரே. அன்று வகுப்பில் நான் கூறியிருக்க வேண்டிய விடை இதுதான்.