மத்தியானப் பாலில் இருந்து தொடங்கு, தங்கச்சி

லீவு முடியப்போகுதுன்னு ஞாயித்துக்கிழமை நீ சொன்னப்பவே உன் குரல் கம்மிப்போச்சு. அம்மா பக்கத்துல இருந்ததால எல்லாத்தையும் பேச முடியல, அதான் எழுதுறேன். 26 வாரம் சம்பளத்தோட லீவுன்னு 2017-ல சட்டத்தை மாத்தினாங்க, உண்மைதான். ஆனா நீ கால் வீங்கி பஸ் ஏற முடியாம, பிரசவத்துக்கு முன்னாடியே 8 வாரத்தை எடுத்துட்ட. கையில நின்னது 18 வாரம். பிள்ளைக்கு நாலு மாசம் தாண்டின கையோட நீ ஆபீஸ்ல இருக்கணும். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்னு டாக்டர் சொன்னதையும் இந்தக் கணக்கையும் எப்படிப் பொருத்துறதுன்னு தெரியாமத்தான் அன்னைக்கு அழுத. நம்ம மதுரை சிம்மக்கல் வீட்டுல அதே கூடத்துல, அதே ஊஞ்சல் பக்கத்துல நானும் அழுதிருக்கேன்.

முதல்ல ஒண்ணை மனசுல தெளிவா வச்சுக்க. நீ பாலை மறக்கடிக்கல, பங்கு பிரிக்கிற. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு மறக்கடிக்கிறது ஒண்ணுதான் தெரியும். வேப்பிலையை அரைச்சுத் தடவுவாங்க, பிள்ளையை ரெண்டு நாள் வேற வீட்டுல விடுவாங்க, மல்லிகைப்பூவை மார்புல வச்சுக் கட்டுவாங்க. பூ விஷயம் வெறும் நம்பிக்கைன்னு நினைச்சுடாத. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள், பால் வத்துறதுக்குக் கொடுக்கிற மாத்திரையோட மல்லிகைப்பூவை ஒப்பிட்டுப் பார்த்து, பூவுக்கும் அந்தக் குணம் இருக்குன்னு 1988-லேயே எழுதியிருக்காங்க. குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு அது ஆறுதலா இருக்கும். உனக்கு அது வேண்டாம். மார்பு கனக்குதுன்னு அம்மா பூ வாங்கிட்டு வந்தா, வாங்கித் தலையில வச்சுக்க.

பால் ஊறுறதுக்கு ஒரு கணக்குதான். எவ்வளவு வெளியே போகுதோ அவ்வளவு ஊறும். பட்டுன்னு நிறுத்தினா கட்டிக்கும். எனக்கு நடந்தது அதுதான். முன்னேற்பாடு ஒண்ணும் பண்ணாம, லீவு முடிஞ்ச அன்னைக்கு நேரா வேலைக்குப் போயிட்டேன். பதினொரு மணிக்கே ரவிக்கை நனைஞ்சுடுச்சு. சாயங்காலம் வலது பக்கம் கல்லு மாதிரி ஒரு கட்டி, ராத்திரி குளிர் ஜுரம். மூணு நாள் கையைத் தூக்க முடியல. நீ அந்த வழியில போக வேண்டாம், அதுக்குத்தான் நாலு வாரம் முன்னாடியே தொடங்கச் சொல்றேன்.

தொடக்கம் மத்தியானப் பால்ல இருந்து. காலையில மார்பு நிறைஞ்சு இருக்கும், ராத்திரிப் பாலோ மறுநாளைக்கான பாலை ஊற வைக்கும். அதனால அந்த ரெண்டையும் தொடாத. ஆபீஸ் நேரத்துல வர்றது பதினொண்ணு, ரெண்டு, அஞ்சுன்னு மூணு வேளை. ரெண்டு மணிப் பாலை மட்டும் முதல்ல அம்மா கைக்கு மாத்து. அஞ்சாறு நாள் அப்படியே விடு. பிள்ளையும் உன் உடம்பும் பழகின பிறகு அடுத்த வேளை. நடுவுல பிள்ளைக்குச் சளி, ஜுரம், தடுப்பூசி வலின்னு ஏதாவது வந்தா அந்த வாரம் ஒண்ணையும் மாத்தாத.

அம்மா கொடுக்கப்போற பால் முதல்ல உன்னுதாவே இருக்கட்டும். காலையில ஆறு மணிக்கு ஒரு பக்கம் பிள்ளை குடிக்கிறப்போ, இல்ல குடிச்சு முடிச்ச கையோட, மறுபக்கத்தைப் பீய்ச்சி எடு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, கட்டைவிரலைக் கருவட்டத்துக்கு மேல, மத்த விரல்களைக் கீழ வச்சு, முதல்ல நெஞ்சைப் பார்த்து அழுத்து, அப்புறம் விரல்களைச் சேர்த்து அமுக்கு, விடு. காம்பை இழுக்காத. முதல் ரெண்டு நிமிஷம் சொட்டுதான் வரும், அப்புறம் பீய்ச்சி அடிக்கும். பம்ப் வாங்க முடிஞ்சா வாங்கு, இல்லைன்னா கையே போதும். முதல் நாள் 20 மில்லிதான் வந்துச்சுன்னு எனக்கு போன் பண்ணாத, எல்லாருக்கும் அப்படித்தான்.

எடுத்த பாலை, தண்ணியில கொதிக்க வச்ச எவர்சில்வர் டப்பாவுல ஊத்தி மூடி, மேல நேரத்தை எழுதி ஒட்டு. வெளியே நாலு மணி நேரம் வைக்கலாம்னு எங்கே பார்த்தாலும் இருக்கும், அது 25 டிகிரிக்குள்ள இருக்கிற அறைக்கு. நம்ம ஊர்ச் சித்திரை வெயில்ல கூடம் எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். எடுத்த உடனே ஃபிரிட்ஜ்ல உள்பக்கமா வை, கதவுல வைக்காத. 24 மணி நேரத்துக்குள்ள தீர்த்துடு. நாலு நாள் வரைக்கும் தாங்கும்னு சொல்வாங்க, ஆனா கரண்ட் போய்ப் போய் வர்ற வீட்டுல நான் அதை நம்பமாட்டேன். குடுக்கிறப்போ சுடுதண்ணிக் கிண்ணத்துல டப்பாவை நிறுத்திச் சூடாக்கச் சொல்லு. அடுப்புலயோ மைக்ரோவேவ்லயோ வேண்டாம். மேல ஏடு மாதிரி பிரிஞ்சு நின்னா திரிஞ்சதுன்னு அம்மா கொட்டிடப்போறாங்க. அது கொழுப்பு, மெதுவா சுழட்டினா கலந்துடும்.

பாட்டில் வாங்காத. உள்ளறையில பித்தளை டப்பாவுக்குள்ள நம்ம ரெண்டு பேருக்கும் ஊட்டின பாலாடை இருக்கு, எடுத்துக் கொதிக்கவை. பெரிய ஆஸ்பத்திரிகள்ல குறைமாசக் குழந்தைகளுக்கே இன்னைக்கும் பாலாடையிலதான் ஊட்டுறாங்க. கழுவுறது சுலபம், சந்து பொந்து கிடையாது. பாட்டில் சுகம் பழகின பிள்ளை மார்புல சிரமப்பட்டு உறிஞ்ச மாட்டேன்னு அடம் பிடிக்கும், அந்தப் பயமும் இதுல இல்ல. பிள்ளையைப் படுக்கவச்சு ஊத்தக் கூடாது. மடியில சாய்ச்சு உட்காரவச்சு, பாலாடை மூக்கை உதட்டு ஓரத்துல தொட்டா நாக்கை நீட்டும். கொஞ்சமா சாய்ச்சு, அது முழுங்கின பிறகு அடுத்த வாய். 60 மில்லி இறங்க கால் மணி நேரம் ஆகும், அவசரப்படுத்தினா புரையேறும். அந்த நேரத்துல நீ வீட்டுலயே இருக்காத. உன் வாசனை பட்டா அது பாலாடையைத் தட்டிவிடும். மாடிக்குப் போ, இல்ல பேச்சியம்மன் படித்துறை வரைக்கும் நடந்துட்டு வா. முதல் நாள் அழுகைச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு எனக்கு. மூணாம் நாள் அம்மா காலியான பாலாடையைக் கவிழ்த்துக் காட்டினாங்க.

பீய்ச்சின பால் மூணு வேளைக்கும் வரலைன்னா, குழந்தை டாக்டரைக் கேட்டுட்டு ஒரு வேளைக்கு டின் பால் குடு. அதுல குத்த உணர்ச்சி வேண்டாம். அந்த டின்ல ஏன் குழந்தை படம் இல்லைன்னு பார்த்திருக்கியா? 1992 சட்டப்படி போடக்கூடாது, விளம்பரமும் பண்ணக்கூடாது. தாய்ப்பால்தான் சிறந்ததுன்னு அவங்களே அச்சடிக்கணும். அவசியத்துக்கு இருக்கிற பொருள், அவசியத்துக்கு எடுத்துக்க. ஆனா கலக்குறதுல கவனம். கேன் தண்ணியா இருந்தாலும் கொதிக்க வைக்கணும். கொதிச்ச தண்ணி அரை மணி நேரத்துக்கு மேல ஆறக்கூடாது, தூளுல இருக்கிற கிருமி சாகிற சூடு வேணும். முதல்ல தண்ணியை அளந்து ஊத்து, அப்புறம் டின்ல சொன்னபடி கரண்டியைத் தலைதட்டிப் போடு, பிறகு ஆறவச்சுக் குடு. டின் சீக்கிரம் தீருதேன்னு தண்ணியைக் கூட்டினா பிள்ளை எடை இறங்கும். குடிச்சது போக மிச்சத்தைக் கொட்டிடு. மலம் கொஞ்சம் கெட்டியா, பச்சையா போகலாம், பயப்படாத.

பசும்பால் ஒரு வயசு வரைக்கும் வேண்டாம். தேன், சக்கரைத் தண்ணி, தெருவுல கூவி விக்கிற கழுதைப்பால், எதுவும் வேண்டாம். ஆறு மாசம் ஆகுற வரைக்கும் கேழ்வரகுக் கூழும் வேண்டாம், தாகத்துக்குத் தண்ணியும் வேண்டாம், எவ்வளவு வெயிலா இருந்தாலும். அம்மா மனசு நோகாம, டாக்டர் சொன்னார்னு சொல்லிடு.

ஆபீஸ்ல ஒரு விஷயம் வாயைத் திறந்து கேளு. பிள்ளைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பாலூட்ட தினமும் ரெண்டு இடைவேளை உனக்கு உண்டு, 1961-ல இருந்து சட்டத்துல இருக்கு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடமா இருந்தா குழந்தைகள் காப்பகமும் வைக்கணும். அண்ணா நகர் ஆபீஸ்ல இருந்து சிம்மக்கல் வீட்டுக்கு வந்து திரும்ப அந்த இடைவேளை நேரம் பத்தாது, பாலைப் பீய்ச்ச வச்சுக்க. கழிவறையில வச்சு எடுக்காத. தாழ்ப்பாள் உள்ள ஸ்டோர் ரூம் கிடைச்சாலும் போதும். ஐஸ் பேக் போட்ட பையில வீட்டுக்குக் கொண்டுவா. வழியில முட்டிக்கிட்டு வந்தா, 2015-ல பஸ் ஸ்டாண்டுகள்ல திறந்த பாலூட்டும் அறை இருக்கு, கூச்சப்படாம போ. பால் மிஞ்சுற அளவுக்கு ஊறினா, ஆத்தைத் தாண்டினா ராஜாஜி ஆஸ்பத்திரியில தாய்ப்பால் வங்கி இருக்கு, குறைமாசப் பிள்ளைகளுக்குப் போகும்.

டின் பால் கொடுக்கிற வேளையில மார்பு கட்டினா, வலி தணியுற அளவுக்கு மட்டும் எடுத்துவிடு. கட்டி வந்தா அந்தப் பக்கமே பிள்ளையைக் குடிக்க விடு, பிறகு ஈரத்துணியில ஐஸ் சுத்தி ஒத்து. அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஜுரம் ஒரு நாளைத் தாண்டினா டாக்டர்கிட்ட போயிடு. பால் பத்துமான்னு சந்தேகம் வந்தா அழுகையை வச்சு முடிவு பண்ணாத. ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நல்லா மூத்திரம் போகுதா, மாசாமாசம் அட்டையில எடை ஏறுதா, இந்த ரெண்டைப் பாரு.

இன்னொண்ணு, அம்மா உன்கிட்ட சொல்லமாட்டாங்க. முழுசா தாய்ப்பால் கொடுக்கிறவரைக்கும் கரு தங்கறது கஷ்டம்னு தைரியமா இருந்திருப்ப. டின் பால் சேர்ந்து, பகல் இடைவெளி நீண்டுட்டா அந்தப் பாதுகாப்பு போயிடும். மாதவிலக்கு வராமலேயே கரு தங்கலாம். வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே மாப்பிள்ளையும் நீயும் டாக்டரைப் பார்த்துட்டு வந்துடுங்க.

சாயங்காலம் வந்தா பையைப் போட்டுட்டு, கை கால் கழுவி, ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டு உட்கார்ந்து பாலைக் குடு. சமையலறை காத்திருக்கட்டும். நீ வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒண்ணும் ஊட்ட வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லி வை, அப்பத்தான் ஆசையாக் குடிக்கும். பகல்ல குறைச்சதை ராத்திரி கேட்டு வாங்கும், ஒரு மாசத்துக்கு உனக்குத் தூக்கம் கம்மிதான். ஞாயித்துக்கிழமை டின்னும் பாலாடையும் எடுக்காத, முழுக்க நீயே குடு. மறுநாள் பால் கூடுதலா ஊறி நிக்கும், அதனால திங்கக்கிழமை காலையில மட்டும் ரெண்டு மடிப்புப் பருத்தித் துணியும் மாத்து ரவிக்கையும் பையில இருக்கட்டும்.