பெயர் பெற்ற வறட்சிகள்

நுழையும்முன்

பசித்தவர்க்கு உணவளிப்பது அறம். ஆனால் ஆண்டுதோறும் அளிக்கப்படும் உணவு, பெறுவோரைச் சோம்பராக்கிவிடும் என்று கூறுவோரும் உளர். கிழக்கு ஆப்பிரிக்க மேய்ப்பர்களைக் குறித்து இக்கூற்று அடிக்கடி எழுவதுண்டு. கென்யாவின் வடமேற்கில் வாழும் துர்க்கானா மக்களின் வாழ்வை முன்வைத்து அதனை ஆராய்கிறது இப்பாடம்.

துர்க்கானா மக்கள் வறட்சிகளுக்குப் பெயர் சூட்டுவர். 1960ஆம் ஆண்டில் வந்த வறட்சி 'நமோட்டோர்'. எலும்புகள் வெளித்தெரிந்த காலம் என்பது அதன் பொருள். 1979-80இல் வந்தது 'லோப்பியார்', அனைத்தையும் வாரிச் சென்றது. 2002 முதல் 2004 வரை நீடித்த வறட்சியின் பெயருக்கு, குடும்பங்களைப் பிரித்தது என்று பொருள். அடுத்து 2005-06இல் வந்ததை, எல்லாவற்றையும் முடித்துவைப்பது எனப் பொருள்படும் 'குமாண்டோ' என்னும் சொல்லால் அழைத்தனர். பிந்தைய இரண்டு வறட்சிகளுக்கும் இடையில், இழந்த மந்தை மீண்டும் பெருகுவதற்குப் போதிய காலம் இருக்கவில்லை.

மந்தையும் நட்பும்

துர்க்கானா ஏரிக்கு மேற்கே உகாண்டா எல்லைவரை பரந்துள்ள வறண்ட நிலம் இவர்களுடையது. ஒட்டகம், மாடு, வெள்ளாடு, செம்மறியாடு, கழுதை என ஐவகை விலங்குகளை வளர்க்கின்றனர். ஒட்டகமும் வெள்ளாடும் புதர்களின் இலைகளைத் தின்று காலந்தள்ளும். மாட்டுக்குப் புல் வேண்டும். ஆதலின் கோடையில் மாடுகள் மேற்குமலைகளை நோக்கி ஓட்டப்படும். ஒரே குடும்பத்தின் மந்தை இவ்வாறு பல திசைகளில் பிரிந்து மேயும். ஓரிடத்தில் நோயோ கொள்ளையோ நேர்ந்தாலும் மற்றோரிடத்தில் சில உயிர்கள் எஞ்சும்.

மழை நன்கு பெய்த ஆண்டுகளில் நண்பருக்கும் உறவினருக்கும் ஆடுமாடுகளைக் கொடுத்துவைப்பர். துன்பம் வருங்கால் அவர்களிடம் சென்று கேட்பர். கேட்பதில் இழிவு இல்லை. கேட்கப்பட்டவரும் மறுப்பது அரிது. வெளிநாட்டு மூட்டைகள் வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே அங்கு நிவாரணம் இருந்தது என்பதை மறத்தல் ஆகாது. வறட்சி ஓய்ந்தபின் வெள்ளாடு விரைவில் பெருகும். மாடு பெருகப் பல ஆண்டுகள் ஆகும். ஆடு சேர்த்து, அதனைக் கொண்டு மாடு வாங்கி, மீண்டும் மேய்ப்பராவதே அவர்கள் எழுந்து நின்ற முறை.

முகாமும் ஆலையும்

1960களின் தொடக்கத்திலும் 1980களிலும் பஞ்ச நிவாரண முகாம்கள் அமைக்கப்பட்டன. லாரிகள் செல்லக்கூடிய இடத்திலேயே முகாம் அமையும். மந்தையோ புல் உள்ள இடத்தைத் தேடிச் செல்லும். இரண்டும் ஓரிடத்தில் அமைவதில்லை. ஆகவே விலங்கு உள்ளவர் சென்றனர், இழந்தவர் தங்கினர். தங்கியவருக்கு விறகும் கரியும் விற்பதே பிழைப்பாயிற்று. முகாமைச் சுற்றியிருந்த மரங்கள் குறைந்தன.

மேய்ப்பரை வேறு தொழிலுக்கு மாற்றிவிடலாம் என்ற எண்ணமும் எழுந்தது. 1970களில் நார்வே நாடு ஏரிக்கரையில் மீன்பிடித் தொழிலை வளர்க்க முன்வந்தது. கலோக்கோல் என்னும் ஊரில் பெரும் பொருட்செலவில் மீனைப் பதப்படுத்தி உறையவைக்கும் ஆலை எழுந்தது. ஆனால் அவ்வறண்ட பகுதியில் ஆலைக்கு வேண்டிய மின்சாரமும் தூய நீரும் எளிதில் கிட்டவில்லை. மீனை உறையவைக்கும் செலவு மீனின் விலையை விஞ்சியது. ஆலை சில நாள்களே இயங்கியது. 1980களில் ஏரிநீர் வற்றி, மீன்வளம் மிக்க ஃபெர்கூசன் வளைகுடாவும் காய்ந்தது. மீனவரானோர் கையிலும் அப்போது மந்தை இல்லை.

தெற்கே பாரிங்கோ பகுதியில் மண்ணைக் காக்கவும் விறகுக்காகவும் 1980களில் ஒரு மரம் நடப்பட்டது. தமிழ்நாட்டு மாணவர் நன்கறிந்த சீமைக் கருவேலமே அது. மேய்ச்சல் நிலத்தை அது விழுங்கியது. அதன் இனிப்பான காய்களைத் தின்ற ஆடுகளின் பற்கள் சிதைந்தன. 2006இல் அப்பகுதி மக்கள் பல்லிழந்த ஆடு ஒன்றை நைரோபி நீதிமன்றத்துக்கே சான்றாகக் கொண்டுசென்றனர்.

சோம்பல் எனும் பழி

நிவாரணம் சோம்பலை வளர்த்ததா? ஒருவர் ஒன்றைச் சார்ந்து வாழவேண்டுமாயின் அது தவறாது வரவேண்டும். நிவாரணத் தானியமோ எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதை யாரும் அறியார். வந்ததும் பலருக்குப் பங்கிடப்பட்டுக் குறையும். முதியோரும் குழந்தைகளும் தானியம் கிடைக்கும் ஊரருகே தங்க, இளைஞர் மந்தையுடன் தொலைவில் அலைவதும் உண்டு. இது சோம்பல் அன்று. வறட்சியில் கால்நடை விலை வீழும். சோளத்தின் விலை ஏறும். அவ்வேளையில் ஒரு மூட்டைச் சோளம் கிடைத்தால், அடிமாட்டு விலைக்குப் போகவிருந்த ஆடு ஒன்று தப்பும்.

எனினும் பழியில் சிறிதும் உண்மை இல்லை என்று சொல்லிவிட முடியாது. மந்தை முழுவதையும் இழந்தோர் முகாமின் அருகிலேயே முதுமை எய்தினர். உயிரைக் காக்கும் அளவே கொண்ட தானியத்தால் ஓர் ஆட்டையும் வாங்க இயலாது. குறை உண்டவரிடம் இல்லை; கொடுத்த பொருளிலும் கொடுத்த காலத்திலும் இருந்தது.

காலத்தின் அருமையை 2011 காட்டியது. வறட்சி வரக்கூடும் என்ற எச்சரிக்கை 2010 ஆகஸ்டிலேயே வெளியாயிற்று. சோமாலியாவில் பஞ்சம் என்று அறிவிக்கப்பட்டது 2011 ஜூலையில். பேருதவி அதன் பின்னரே திரண்டது. அந்நெருக்கடியில் அந்நாட்டில் ஏறத்தாழ 2,58,000 பேர் மாண்டனர் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

மாறாக, 2006இல் எத்தியோப்பியாவின் மோயாலே பகுதியில், மாடுகள் மெலிந்து மடியுமுன்பே அவற்றை வாங்குமாறு வணிகர்கள் ஊக்குவிக்கப்பட்டனர். ஏறத்தாழ 20,000 மாடுகள் விற்பனையாயின. அப்பணத்தில் மக்கள் உணவு வாங்கினர். எஞ்சிய மாடுகளுக்குத் தீவனமும் மருந்தும் வாங்கினர். நல்ல மேய்ச்சல் நிலத்துக்கு அவற்றை லாரியில் ஏற்றியும் அனுப்பினர். எதை முதலில் காக்கவேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் மேய்ப்பர்களே.

கென்யாவிலும் ஏழைக் குடும்பங்களுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை பணம் வழங்கும் திட்டம் தொடங்கியது. 2010இல் மார்சாபிட் பகுதியில் கால்நடைக் காப்பீடு அறிமுகமாயிற்று. செயற்கைக்கோள் வழியே நிலத்தின் பசுமையை அளந்து, அது குறிப்பிட்ட அளவினும் குறைந்தால் இழப்பீடு தருவது அம்முறை. 2011 அக்டோபரில் முதல் இழப்பீடு கிடைத்தபோது, காப்பீடு செய்தோரில் பலர் கால்நடைகளை விற்காமலும் உணவைக் குறைக்காமலும் சமாளித்தனர். ஆயினும் நோயாலோ கொள்ளையாலோ மடிந்த மாட்டுக்கு அதில் இழப்பீடு இல்லை. வானிலிருந்து நோக்கும் கருவிக்கு, ஆடு தின்னும் புல்லும் பல்லைச் சிதைக்கும் சீமைக் கருவேலமும் ஒரே பசுமையாகவே தோன்றுகின்றன.